கோட்டையை அளந்த பொங்கியண்ணன்

பொங்கியண்ணன் பத்து வருஷமாக ஒரு போரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். அந்தப் போர் நடந்து நூற்றுத் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பதை அவர் ஒரு குறையாக நினைக்கவில்லை.

முதலமடைக்குக் கிழக்கே அவருக்கு ஆறு ஏக்கர் மானாவாரிக் காடு இருந்தது. நிலக்கடலையும் எள்ளும் போடுவார். வேலியோரம் நாற்பது மாமரம். ஒரே மகளைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவரும் மனைவி சரஸ்வதியம்மாளும்தான். மகள் சிறு பிள்ளையாக இருந்தபோது நாலு வருஷம் பரம்பிக்குளம் அணை வேலையில் சர்வேக்காரர்களுக்குச் சங்கிலி பிடித்தவர் அவர். தூரம் அளக்கவும், திசை குறிக்கவும், பார்த்ததைக் காகிதத்தில் கோடாக இழுக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டார். வேலை முடிந்து வரும்போது, மூடி தொலைந்த ஒரு பித்தளைத் திசைகாட்டியை என்ஜினீயர் அவருக்கே கொடுத்துவிட்டார்.

1966-இல் மாங்கன்று நடக் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது கடப்பாரை ‘டங்’கென்று ஒன்றில் மோதியது. கல் என்று நினைத்துத் தோண்டினால், உரித்த தேங்காய் அளவில் ஒரு இரும்பு உருண்டை. கடலை வியாபாரியின் தராசில் வைத்துப் பார்த்தார். எட்டுக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நின்றது. செக்கு உடைசல் என்றார்கள் சிலர், ரோடு எஞ்சின் சாமான் என்றார்கள் சிலர். பொங்கியண்ணன் பஸ் ஏறிப் பாலக்காடு போய், நூலகத்தில் அகராதியை ஒரு கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் இங்கிலீஷ் புத்தகங்களைப் புரட்டினார். அது பீரங்கிக் குண்டு. பதினெட்டுப் பவுண்டுக் குண்டு என்று அதற்குக் கணக்கும் இருந்தது.

அதே புத்தகம் ஒன்றில் நாலே வரியில் இன்னொரு செய்தியும் இருந்தது. 1783-இல் ஒரு வெள்ளைக்காரக் கர்னல், மைசூர்க்காரர்கள் கையில் இருந்த பாலக்காட்டுக் கோட்டையைப் பிடிக்க ஆனைமலைக் காடு வழியாகப் படையோடு வந்தான். விடாத மழை. பீரங்கிகள் சேற்றில் புதைந்தன. கடைசியில் ஒரு பெருமழையில் அகழிக்கு வெளியே இருந்த காவல் பாதையை அவன் ஆட்கள் பிடித்துவிட, கோட்டை பணிந்தது.

அவ்வளவுதான். கர்னல் பேரும் கேப்டன் பேரும் போட்டிருந்தது. அந்தப் பீரங்கிகளை யார் இழுத்தார்கள் என்று இல்லை.

அந்தக் கேள்வி அன்றைக்குப் பிடித்துக்கொண்டது பொங்கியண்ணனை. அவருக்கு மாடு தெரியும். இரண்டு டன் எடையை, மழையில், கரிசல் சேற்றில் இழுக்க எத்தனை ஜோடி வேண்டும்? அவற்றுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கட்டுச் சோளத்தட்டு வேண்டும்? ஈரத் தட்டைத் தின்று மாட்டுக்குக் கழிசல் கண்டால் படை எத்தனை நாள் நிற்கும்? போர் என்றால் எல்லோரும் வாளைச் சொல்கிறார்கள், கேடயத்தைச் சொல்கிறார்கள். அவர் யோசிக்க யோசிக்க, பாதிப் போர் மாட்டுத் தீவனத்தில் இருந்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் நீள நோட்டு ஒன்று வாங்கினார். சர்வேக்காரர்கள் எழுதுகிற பாணியிலேயே எழுதினார்: ‘இங்கே நிற்க. இடப்புறம் எண்பது அடி. மேடு. வண்டி போகும்.’ வெளியிலிருந்து கோட்டையைப் பிடிப்பது எப்படி என்று ஒரு வருஷம் முழுவதும் எழுதினார். அது ஒருபக்கச் சாய்வாகப் பட்டதால் மறு வருஷம் மைசூர்க் கோட்டைத் தலைவனாக மாறி, கோட்டையைக் காப்பாற்றுவது எப்படி என்று எழுதினார். சில பக்கங்களில் ஊர்க்காரர்களின் பேர் இருந்தது. மாட்டின் இழுப்பை நேரில் தெரிந்த மாட்டை வைத்துத்தானே கணக்குப் போட முடியும்? ‘குப்பண்ணன் – இரண்டு ஜோடி, உறுதியானது. நம்பலாம்’ என்று எழுதியிருந்தார். குப்பண்ணன் அவருடைய பங்காளி, அடுத்த காட்டுக்காரர்.

சரஸ்வதியம்மாளுக்கு இதெல்லாம் வீண் வேலையாகத்தான் இருந்தது. இரும்பு உருண்டையை மட்டும் அவள் வீணாக்கவில்லை. துருப்பிடிக்காமல் இருக்க வாரம் ஒருமுறை விளக்கெண்ணெய் தடவி, ஊறுகாய்ச் சாடியின் பலகை மேல் பாரமாக வைத்திருந்தாள்.

1976 ஆடி மாதம். நாட்டில் நெருக்கடி நிலை வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. டீக்கடையில் ஆட்கள் பேச்சை அடக்கிப் பேசினார்கள். யாரோ எங்கோ கொண்டுபோகப்பட்டார்கள் என்று காதோடு காதாகச் செய்தி வரும். பொங்கியண்ணனின் காதில் அதெல்லாம் விழுந்ததுதான். ஆனால் அது வேறு உலகத்துச் செய்தி என்று விட்டுவிட்டார்.

அவருக்கு அப்போது ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. பெருமழை பெய்யும்போது கோட்டை மதில் மேல் நிற்பவனுக்கு அகழிக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் கண் தெரியும்? மழையில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஒரு சனிக்கிழமை, பாலக்காட்டில் நல்ல மழை என்று பஸ் கண்டக்டர் சொன்னதும் கிளம்பிவிட்டார். கோட்டைக்குள் இருக்கும் ஆஞ்சநேயர் கோவிலுக்கு அடிக்கடி சனிக்கிழமை போகிறவர்தான் என்பதால் சரஸ்வதியம்மாளும் ஒன்றும் கேட்கவில்லை.

சாமி கும்பிட்டுவிட்டு அகழிக் கரைக்கு வந்தார். மழை கொட்டியது. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பையிலிருந்து கயிற்றை எடுத்தார். சங்கிலி இல்லாத குறைக்குத் தேங்காய் நார்க் கயிற்றில் பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். ஒரு முனையைக் கல்லில் கட்டி, மதிலைப் பார்த்தபடி பின்னால் பின்னால் நடந்தார். முடிச்சுக்கு முடிச்சு நின்று, கண்ணைச் சுருக்கி மதிலின் மேல் விளிம்பைப் பார்த்தார். வாய்க்குள் எண்ணினார். ஏழாவது முடிச்சில் முதுகு யார் மேலோ இடித்தது.

திரும்பிப் பார்த்தால் மழைக்கோட்டு போட்ட போலீஸ்காரர் இருவர்.

“எந்தா இவிடெப் பணி?” என்றார் ஒருவர்.

“அளக்கறனுங்க” என்றார் பொங்கியண்ணன்.

அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. பையோடும் கயிற்றோடும் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள்.

அங்கே ஏட்டாக இருந்தவர் கபிரியேல். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர். தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஸ்டேஷனில் அவர் ஒருவர்தான் என்பதால் நோட்டு அவர் கைக்குப் போனது. கபிரியேல் முதல் நாலு பக்கம் படித்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இதை எழுதினது நீங்களா?”

“ஆமாங்க.”

“தண்ணி குடிச்சீங்களா?”

“இல்லீங்க.”

ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். பொங்கியண்ணன் குடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் முகத்தைக் கபிரியேல் உற்றுப் பார்த்தபடியே இருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் இன்ஸ்பெக்டர் சங்குண்ணி வந்தார். பாலக்காட்டுக்காரர், மலையாளம் கலந்த தமிழ் பேசுவார்; எதிரில் நிற்பவரை ‘தான்’ என்பார். மேஜையில் பரப்பி வைத்திருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கயிற்றைத் தூக்கி முடிச்சுகளை விரலால் நெருடினார்.

“இது எந்தா? ஏறானா? மதில் ஏற முடிச்சுக் கயிறா?”

“அளக்கற கயிறுங்க சார். பத்தடிக்கு ஒண்ணு.”

“கபிரியேலே, வாயிக்கு.”

கபிரியேல் நோட்டைத் திறந்து வாசித்தார். “‘வடகிழக்கு மூலை பலவீனம். மழை வலுக்கும்போது காவலர்கள் கூரைக்குள் ஒதுங்குவார்கள். அதுவே நேரம்.’”

சங்குண்ணி கயிற்றைக் கீழே வைத்தார்.

“பின்னே?”

“‘உள்ளே புகுந்ததும் நேராகச் சிவப்புக் குறி போட்ட இடத்துக்குப் போக வேண்டும். அதைப் பிடித்தால் கோட்டை நம் கையில்.’” கபிரியேல் படத்தைத் திருப்பிக் காட்டினார். கோட்டையின் உள்ளே சிவப்புப் பென்சிலால் அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி.

சங்குண்ணி அந்தக் குறியையே பார்த்தார். “இவிடே எந்தா உள்ளது என்று தனக்குத் தெரியுமா?”

“வெடிமருந்துக் கிடங்குங்க” என்றார் பொங்கியண்ணன். கேட்காமலே சேர்த்துச் சொன்னார்: “என்ர யூகந்தானுங்க. புஸ்தகத்துல இல்ல.”

கபிரியேல் தாழ்ந்த குரலில் சொன்னார். “பொங்கியண்ணரே, அங்க இருக்கறது ஜெயிலுங்க.”

அப்போதுதான் பொங்கியண்ணன் தன் படத்தைக் குனிந்து பார்த்தார். கோட்டைக்குள் சப் ஜெயில் இருப்பது ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். சனிக்கிழமைகளில் அந்த வழியாகத்தான் நடந்து போவார். ஆனால் பத்து வருஷத்தில் ஒரு படத்தில்கூட அவர் அதை வரைந்ததில்லை. 1783-இல் அது கிடையாதே! இப்போது அதற்குள் யார் யாரை வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் பலவிதமாகப் பேச்சு அடிபட்டது. அதன் மேல் சிவப்புக் குறி போட்டு, மழையில் எப்படிப் புகுவது என்று தன் கைப்பட எழுதி, முடிச்சுப் போட்ட கயிற்றோடு வந்து நின்றிருக்கிறார்.

“தான் எந்தக் கட்சி? எந்தப் பக்கம்?” என்றார் சங்குண்ணி.

பொங்கியண்ணனுக்கு, கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற ஒன்றே தோன்றியது. “இந்த வருஷம் வெளியிலிருந்துதானுங்க. போன வருஷம் பூரா உள்ள இருந்தனுங்க.”

“உள்ளேயா? எந்தக் கேஸில்?”

“இல்லீங்க சார்... கோட்டைத் தலைவன் பக்கம் இருந்து... எழுதினனுங்க.”

சங்குண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படவில்லை. அதுதான் பொங்கியண்ணனுக்கு அதிகப் பயமாக இருந்தது. “ஆரா இந்தக் குப்பண்ணன்? ‘ரெண்டு ஜோடி, நம்பலாம்.’ ஜோடி என்றால் எந்தா? தோக்கா?”

துப்பாக்கியா என்று கேட்கிறார் என்று புரிந்ததும் பொங்கியண்ணன் எழுந்து நின்றுவிட்டார். “ஐயோ, மாடுங்க சார்! காங்கேய மாடு. குப்பண்ணன் என்ர பங்காளி. அவருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லீங்க. எனக்கு என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க, அவரை விட்டுருங்க. அவர் பேரை எழுதினதே அவருக்குத் தெரியாதுங்க.”

அதற்குள் முதலமடைக்கு ஆள் போயிருந்தது. அன்று அவரை வெளியே விடவில்லை. லாக்கப்பில் போடாமல் உள்ளே ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கபிரியேலின் ஏற்பாடு அது. பொங்கியண்ணன் தன் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மனசுக்குள் புரட்டி, வேறு யார் யார் பேரை எழுதித் தொலைத்தோம் என்று எண்ணிக்கொண்டே கிடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்குண்ணி மறுபடியும் வந்தார். நோட்டு பாதிக்கு மேல் பாக்கி இருந்தது. கபிரியேல் வாசிக்க ஆரம்பித்தார். இப்போது வந்ததெல்லாம் மாட்டுக் கணக்கு. ஒரு பீரங்கிக்கு இருபது ஜோடி. இருபது ஜோடிக்கு இத்தனை கட்டுத் தட்டு. இத்தனை குடம் தண்ணீர். இரண்டு பக்கம் போயிற்று, மூன்று பக்கம் போயிற்று. நாலாவது பக்கத்தில் கபிரியேலின் குரல் நின்றது.

“இது ஆகாதுங்களே” என்றார்.

“எதுங்க?” என்றார் பொங்கியண்ணன்.

“இருபது ஜோடியை ஒண்ணு பின்னால ஒண்ணாப் பூட்டறீங்க. காட்டுத் தடம். முன்னால போற மாடு வளைவுல திரும்பறப்போ பின்னால இருக்கற மாடு எங்க இருக்கும்? குழியில கெடக்கும். எங்கப்பன் கரும்பு வண்டி ஓட்டினவருங்க. ஆறு ஜோடிக்கு மேல பூட்டினா வளைவுல வம்புதான்.”

“வளைவுல கழட்டிப் பூட்டுவாங்க.”

“மழையில? சேத்துல? ஒவ்வொரு வளைவுக்கும் கழட்டிப் பூட்டினா ஆனைமலையில இருந்து கொல்லங்கோடு வர ஆறு மாசம் ஆகுமுங்க.”

“அப்ப இரண்டு டன்னை ஆறு ஜோடி இழுத்துருமா? தரை நல்லா இருந்தாச் சரி. முழங்கால் சேத்துல மாடு கால எடுக்கறதுக்கே பாதி பலம் போயிருது. நீங்க அதைக் கணக்குல சேர்க்கல!”

“மாட்டைக் கூட்டினாத்தான் தீருமா? தடத்தைச் சரி பண்ணணும். பனை மரத்தை வெட்டிக் குறுக்க போட்டா...”

“அகலம் எத்தனை போடுவீங்க?”

கேட்டபடியே பொங்கியண்ணன் மேஜைக்கு வந்து, போலீஸ் ஸ்டேஷன் பென்சிலை எடுத்து, போலீஸ் ஸ்டேஷன் காகிதத்தில் சக்கரத்தின் அகலத்தை வரைந்துவிட்டார். தான் கைதி என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. கபிரியேல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். “இங்க பாருங்க, இங்க தப்பு” என்றார்.

சங்குண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பதினெட்டு வருஷம் ஆட்களை விசாரித்தவர். பொய் சொல்கிறவன் மாட்டுக் காலுக்காக ஏட்டோடு இப்படிச் சண்டை போடமாட்டான் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் வாசலில் கூச்சல் கேட்டது.

வந்தது சரஸ்வதியம்மாள். கூடவே குப்பண்ணன். முந்தின நாள் சாயங்காலம் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, “ஆயுதம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டதற்கு, அரிவாளும் கொடுவாளும் இருக்கிறது என்று எடுத்துக் காட்டியிருந்தாள். அவர் போன பிறகுதான் அவளுக்குத் தோன்றியது: மனுஷன் இத்தனை வருஷமாக எதற்காக இதையெல்லாம் எழுதினார் என்று கேட்டால், காட்ட வேண்டியது ஒன்றுதான் இருக்கிறது. குப்பண்ணனின் வீட்டிலும் போலீஸ் விசாரித்திருந்தது. தலைமறைவாக இருக்கும்படி அவருக்குச் சொன்னவர்கள் உண்டு. “என்ர பேரை நல்ல மாட்டுக்காரன்னுதானே எழுதியிருக்கான்? அதுக்கு நான் ஏன் ஒளியோணும்?” என்று சொல்லி வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு அவளோடு பஸ் ஏறிவிட்டார்.

வாசலில் நின்ற காவலர், பையில் என்ன என்று கேட்டிருக்கிறார். சரஸ்வதியம்மாள் பணிவாகச் சொன்னாள்: “குண்டுங்க. பெரியவருகிட்டக் குடுக்கக் கொண்டாந்திருக்கறனுங்க.”

அடுத்து நடந்ததைப் பொங்கியண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். காவலர் இரண்டு எட்டில் முற்றத்துப் புளியமரத்துக்குப் பின்னால் போய்விட்டார். உள்ளே எழுதிக்கொண்டிருந்தவர் மேஜைக்கு அடியில். யாரோ மலையாளத்தில் “போம்பு! போம்பு!” என்று அலறினார். வெடிகுண்டா, பாம்பா என்று புரியாமல் இன்னொருவர் பெஞ்சு மேல் ஏறி நின்றார். வாசலில் சரஸ்வதியம்மாள் மட்டும், என்ன நடக்கிறதென்றே தெரியாமல், பாரம் இழுக்கும் பையைப் பிடித்தபடி நின்றாள்.

“ஏனுங்க, எங்க வெக்கட்டுங்க?” என்று உள்ளே பார்த்துக் கேட்டாள். “கை கடுக்குதுங்க.”

“சார், அது என்ர ஊட்டுக்காரிங்க!” என்று கத்தினார் பொங்கியண்ணன். “அது வெடிக்காதுங்க! வெறும் இரும்புங்க! பழசுங்க!”

சங்குண்ணி வெளியே வந்தார். நெற்றி வேர்த்திருந்தது. தூரத்தில் நின்றே பையைக் கீழே வைக்கச் சொன்னார். அவள் வைத்தாள். கபிரியேல் சிலுவை போட்டுக்கொண்டு குனிந்து துணியை விலக்கினார். எண்ணெய் மினுங்கும் ஒரு கறுத்த உருண்டை. ஊறுகாய் வாசனை குப்பென்று வந்தது.

“மாங்காய் ஊறுகாய் அல்லே இது?” என்றார் சங்குண்ணி.

“சாடி மேல வெச்சிருந்தனுங்க சாமி. கழுவிட்டுத்தானுங்க கொண்டாந்தேன். வாசம் போகமாட்டேங்குது” என்றாள் அவள், ஏதோ குற்றம் செய்துவிட்டவள் மாதிரி.

முதலில் சிரித்தது புளியமரத்துக்குப் பின்னால் இருந்தவர்தான். பிறகு ஸ்டேஷனே சிரித்தது. சங்குண்ணி சிரிக்கவில்லை, அடக்கிக்கொண்டார். உருண்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். அதன் ஒரு பக்கத்தில் வார்ப்பின் மெல்லிய வரம்பு ஓடியதைத் தடவினார். “இது எத்தனை தூரம் போகும்?” என்று பொங்கியண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

“மதில உடைக்கோணும்னா கிட்டத்துல இருந்துதானுங்க சுடோணும். முந்நூறு கஜம், நானூறு கஜம்.”

“அப்போ நமது டீக்கடை இருக்கும் இடம்?”

“அதுக்கும் கொஞ்சம் இந்தப் பக்கங்க.”

சங்குண்ணி தலையாட்டினார். அவர் பிறந்து வளர்ந்த ஊர் அது. டீக்கடைக்கும் கொஞ்சம் இந்தப் பக்கம் ஒரு காலத்தில் பீரங்கி நின்றிருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை போலும். உருண்டையை அவள் பையிலேயே திரும்ப வைத்தார். பிறகு உள்ளே போய், கபிரியேலை ஒரு வாக்குமூலம் எழுதச் சொன்னார். ‘மேற்படி நபர் பழங்காலப் போர் குறித்து எழுதிவருபவர், நோட்டில் உள்ள விவரங்கள் 1783-ஆம் வருஷத்தியவை.’ பொங்கியண்ணன் கையெழுத்துப் போட்டார். குப்பண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ரொம்ப நிதானமாக, தகப்பன் பேரோடு சேர்த்துப் போட்டார்.

“கேட்டுக்கோ” என்றார் சங்குண்ணி. “இந்தக் காலம் மாறுகிற வரைக்கும் கோட்டைப் பக்கம் கயிறோடு வர வேண்டா. சாமி கும்பிட வா. அளக்க வர வேண்டா. என்னைப்போல எல்லாரும் மூணு பக்கம் மாட்டுத் தீவனம் கேட்டுக்கொண்டு இருக்கமாட்டார்கள்.”

நோட்டு, கயிறு, திசைகாட்டி, உருண்டை எல்லாம் திரும்பக் கிடைத்தன. வெளியே வந்தபோது மழை நின்றிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஒரு ஓட்டலில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். இட்லி வந்தது. பொங்கியண்ணன் முதல் வாயை வைத்ததும், ஒரு நாளாக எதுவுமே உள்ளே இறங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒன்பது இட்லி சாப்பிட்டார்.

“கேக்கறனேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க” என்றாள் சரஸ்வதியம்மாள். “அந்த மாட்டுக்காரங்களுக்கெல்லாம் சோறு யாருங்க போட்டாங்க?”

பொங்கியண்ணன் சட்னி தொட்ட விரலால் மேஜையில் கணக்குப் போட்டுப் பார்த்தார். மாட்டுக்குத் தட்டுக் கணக்குப் போட்டிருந்தார், தண்ணீர்க் கணக்குப் போட்டிருந்தார். மாட்டைப் பிடித்து நடந்த மனிதர்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. “அது... எழுதலையே சரசு” என்றார்.

“ஜோடிக்கு ஒருத்தன்னாக்கூட நூறு பேரு வருவாங்கல்ல? மழையில அடுப்பு எப்படி எரிஞ்சிருக்கும்?” என்றாள் அவள். பஸ்ஸில் வரும்போதும் விடவில்லை. அரிசியா, ராகியா? கூடப் பொம்பளைகள் வந்திருப்பார்களா? பத்து வருஷத்தில் அவள் அந்தப் போரைப் பற்றிக் கேட்டது அன்றைக்குத்தான். குப்பண்ணன் சன்னலோரம் தூங்கிப்போனார்.

அடுத்த வருஷம் மார்ச் மாதத்தில் நெருக்கடி நிலை நீங்கி, காலம் மாறியது. டீக்கடைகளில் மறுபடி சத்தமாகப் பேசினார்கள். ஆனி மாதக் கடைசியில் நல்ல மழை பெய்து, குப்பண்ணனின் பள்ளக் காட்டில் முழங்கால் சேறு நின்றது. பொங்கியண்ணன் கபிரியேலுக்கு ஒரு கார்டு போட்டார். கபிரியேல் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, வேட்டியும் கை மடித்த சட்டையுமாக வந்து இறங்கினார்.

கிணற்று வேலைக்காக வாங்கிப் போட்டிருந்த கருங்கல் தூண்களைக் கட்டை வண்டியில் ஏற்றினார்கள். குத்துமதிப்பாக இரண்டு டன். முதலில் பொங்கியண்ணன் சொன்னபடி ஜோடிகளைக் கூட்டினார்கள். ஊரில் கிடைத்த எல்லா மாட்டையும் பூட்டியும் பத்து ஜோடிதான் சேர்ந்தது. வண்டி அசைந்து, பத்தடி போய், அச்சு வரைக்கும் புதைந்தது. வரப்பு திரும்பும் இடத்தில் பின் ஜோடி இரண்டும் கபிரியேல் சொன்ன மாதிரியே குழிக்குள் இறங்கின. எல்லோரும் சேர்ந்து மாடுகளைக் கழற்றி மேலேற்றுவதற்குள் உச்சிப்பொழுதாகிவிட்டது.

பிறகு பனந்துண்டுகளைக் குறுக்கே அடுக்கி, மேலே விளாறுக் குச்சிகளைப் பரப்பினார்கள். ஐந்தே ஜோடி. குப்பண்ணனின் காங்கேய ஜோடி முன்னால். பின்னாலிருந்து இருபது பேர் தள்ளினார்கள். வண்டி முனகிக்கொண்டு எழுந்தது, துண்டுகளின் மேல் ஏறியது, உருண்டது. வரப்புத் திருப்பத்தையும் தாண்டி, மேட்டுக்குப் போய் நின்றது. கூட்டம் போட்ட கூச்சலில் மாடுகள் மிரண்டன.

“இருபதுன்னு எழுதினது தப்புத்தானுங்க” என்றார் பொங்கியண்ணன். தோற்றதில் அவருக்கு இத்தனை சந்தோஷம் வரும் என்று அவரே நினைக்கவில்லை.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கபிரியேல் அவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

“ஒண்ணு சொல்லோணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தனுங்க” என்றார். “அன்னைக்குச் சனிக்கிழமை சாயங்காலமே மேல இருந்து கேட்டுப்போட்டாங்க, ஆளை அனுப்பச் சொல்லி. திங்கக்கிழமை அனுப்பறதாச் சொல்லி இன்ஸ்பெக்டர் ஒரு நாள் தள்ளிவெச்சார். ஞாயித்துக்கிழமை முடியலீன்னா அப்புறம் எங்க கையில ஒண்ணும் இருந்திருக்காதுங்க. எங்க கொண்டுபோறாங்கன்னுகூட எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்கு அன்னைக்கு ராவெல்லாம் தூக்கமில்லீங்க.”

பொங்கியண்ணன் கை இலையிலேயே இருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் அவர் தன்னைப் பற்றிக்கூட அவ்வளவு பயப்படவில்லை. அந்த ஆபத்து எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. பந்தியில் குப்பண்ணன் யாரிடமோ தன் மாட்டைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். சரஸ்வதியம்மாள் முழங்கை வரை சேறு அப்பியபடியே குழம்பு ஊற்றிக்கொண்டு வந்தாள். வண்டி தள்ளியவர்களில் அவளும் ஒருத்தி.

“என்னுங்க அப்படிப் பாக்கறீங்க? உப்புப் பத்தலீங்களா?” என்றாள்.

“எல்லாம் சரியா இருக்குது” என்றார் பொங்கியண்ணன். “ஏட்டுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து.”